நன்றி மடல்: எங்கள் கொரியக் குறும்படத்துக்குத் துணைநின்ற நண்பர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் 18 நிமிடக் கொரியக் குறும்படம் சியோல் சுயாதீனத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, அதைத் தொடர்ந்த பார்வையாளர் உரையாடலும் நல்லபடியாக நிறைவேறியது. கொரிய நண்பர்களுக்கு அன்றே அவர்கள் மொழியில் நன்றி சொல்லிவிட்டோம். கொரியாவில் படித்தும் பணிபுரிந்தும் வரும் தமிழ் நண்பர்களுக்குப் படத்தொகுப்பாளன் என்ற முறையில் நான் பட்டிருக்கும் கடன் தனி, அதற்காகவே இம்மடல்.

குளிர்காலம் இறங்கும் முன் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி (உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் காய்கறி) போடும் வழக்கத்தைக் கொரியர்கள் கிம்ஜாங் என்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற வழக்கம் அது. அந்த இரண்டு நாட்களில் ஒரு தாய்க்கும் அவருடைய ஒரே மகனுக்கும் இடையில் நடப்பதுதான் எங்கள் கதை. எழுதும்போது எளிதாகத் தோன்றியது, கொரியாவின் க்வேசான் வட்டாரத்தில் படமெடுக்கப் போனபோதுதான் சிக்கலாயிற்று. அங்கே பேச்சு என்று சொல்லப்படும் சீன முட்டைக்கோசு (இந்தப் பெயரை வைத்து நாம் அடித்த கேலிக்கு அளவே இல்லை) இரவெல்லாம் உப்பில் ஊறித் துவண்டுவிட்டால் மறுபடி விறைக்காது. ஆகவே வெட்டுவதற்கு ஒன்று, பாதி ஊறியது ஒன்று, அலசியது ஒன்று என்று ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனிக் குவியல் வேண்டியிருந்தது. நவம்பர்க் குளிரில் கை மரத்துப்போக, விடிய விடிய இலை இலையாகப் பிரித்துக் கல்லுப்புத் தூவியவர்கள் நீங்கள். படத்தில் நடிகர்களின் கைகளே தெரிகின்றன. அவர்களுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் குவியல் முழுவதும் உங்கள் உழைப்பு.

அடுத்து, ஆங்கிலத் துணைவரி. விநாடிக்கு 23.976 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் நான் நேரமிட்ட வரிகளை, 24 சட்டங்களுக்கு மாற்றிய திரையரங்குப் பிரதியோடு அப்படியே இணைத்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு, படம் முடியும்போது ஒரு விநாடிக்குச் சற்று மேலாகியிருந்தது. மகன் பேசி முடித்து வாயை மூடிய பிறகே கடைசி வரி திரைக்கு வந்தது. பிரதியை அனுப்புவதற்கு முந்தைய இரவு அதைக் கண்டுபிடித்துச் சொன்ன சுவோன் நகரத்து நண்பருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். அந்த வரியில் மகன் சொல்வது, ‘உரி ஒம்மா (எங்க அம்மா) போட்டது’ என்பது. ஒற்றைப் பிள்ளையும் ‘எங்க அம்மா’ என்று சொல்லும் வழக்கம் நமக்கும் உண்டு என்பதால் உங்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்திலோ ‘என்’ என்று சுருக்குவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

1975-இல் தொடங்கி 2024-இல் 50-ஆவது முறையாக நடந்த அவ்விழாவில், குறும்படங்கள் சில சேர்ந்தே ஒரு காட்சியாக ஓடும். வார நாளில் விடுப்பெடுத்து வந்தவர்கள், எங்கள் படம் முடிந்ததும் எழுந்து போகாமல், மற்ற இயக்குநர்களின் படங்களையும் பார்த்துக் கைதட்டிவிட்டுச் சென்றீர்கள். அதற்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். படப்பிடிப்பு முடிந்த அன்று, வீட்டை விட்டுக்கொடுத்த அம்மையார் ஆளுக்கொரு டப்பா கிம்ச்சி கொடுத்தனுப்பினார் அல்லவா? அடுத்த மாதம் நான் க்வேசானுக்குப் போகிறேன். டப்பாக்களை என்னிடம் சேர்ப்பித்துவிடுங்கள்; வெறுமையாக வேண்டாம், முறுக்கோ அதிரசமோ எது முடிகிறதோ அதை வைத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
படத்தொகுப்பாளன்