செரில் டுன்யேயின் படமும் ஒரு மானியத் தடையும்: அமெரிக்கக் காங்கிரசுக்குத் திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் காங்கிரஸ் நூலகம் 2021இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், அதாவது பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில், சேர்த்த 25 படங்களுள் இயக்குநர் செரில் டுன்யேயின் 'தி வாட்டர்மெலன் வுமன்' ஒன்று. 1996இல் வெளிவந்த அது, கறுப்பின லெஸ்பியன் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலரில் உருவான அப்படத்துக்கு, கலைகளுக்கு மானியம் வழங்கும் அரசு அமைப்பான தேசியக் கலை நிதியம் தந்தது 31,500 டாலர். படத்தில் வரும் ஒரு காதல் காட்சியைக் காரணம் காட்டி, அதே தொகையை நிதியத்தின் ஒதுக்கீட்டிலிருந்து கழித்துவிட முனைந்தவர் உங்கள் அவையின் அன்றைய மிச்சிகன் உறுப்பினர் பீட்டர் ஹோக்ஸ்ட்ரா.

அந்தப் பணம் வீணானதா என்பதைப் படத்தைப் பார்த்தே தீர்மானிக்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் வீடியோ கடையில் வேலை பார்க்கும் செரில் (டுன்யேயே நடித்திருக்கிறார்), 1930களின் படமொன்றில் பணிப்பெண்ணாக வந்து, பெயர்கூடக் குறிப்பிடப்படாமல் போன கறுப்பின நடிகை யாரென்று தேடத் தொடங்குகிறாள். தேடலில் கிடைக்கும் ஃபே ரிச்சர்ட்ஸ் என்ற அந்த நடிகையின் புகைப்படங்கள் மூலை மடங்கியும் கீறல் விழுந்தும் பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்தவை போலவே இருக்கின்றன. ஆனால் அத்தனையும் புகைப்படக் கலைஞர் ஸோயி லெனர்ட் இந்தப் படத்துக்காகவே எடுத்தவை, அப்படியொரு நடிகை வாழ்ந்ததே இல்லை என்பது இறுதியில்தான் தெரிகிறது. ஆவணக் காப்பகங்கள் யாரைப் பொருட்படுத்தவில்லை என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

பெர்லின் திரைப்பட விழாவில் பால்புதுமையினர் படங்களுக்கான டெடி விருது பெற்ற பின்னரும் டுன்யேயின் பாதை எளிதாகிவிடவில்லை. 2001இல் ஹெச்பிஓ தொலைக்காட்சிக்காகப் பெண்கள் சிறையைக் களமாகக் கொண்ட 'ஸ்ட்ரேஞ்சர் இன்சைட்', 2004இல் ஒரு ஸ்டூடியோ நகைச்சுவைப் படம் (அதில் அவருடைய குரலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்), 2010இல் தோழமைக் கலைஞர்களுடன் கூட்டாக எடுத்த 'தி அவுல்ஸ்', பிறகு 'குயீன் சுகர்', 'லவ்கிராஃப்ட் கன்ட்ரி' போன்ற தொடர்களின் அத்தியாயங்கள் என்று அது நீண்டது. தொலைக்காட்சிப் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பிறர் உருவாக்கிய தொடரை இயக்க அழைப்பவர்கள், அவர் தாமே எழுதும் அடுத்த படத்துக்கும் அதே தாராளத்துடன் பணம் தருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

1990களின் நடுவில், நிதியம் உதவிய கலைப்படைப்புகளைப் பற்றி இந்தப் படத்துக்கு முன்பே எழுந்த சர்ச்சைகளின் விளைவாக, தனிக் கலைஞர்களுக்கு நிதியம் நேரடியாக மானியம் வழங்குவதை நீங்கள் தடுத்தீர்கள். இலக்கியம், ஜாஸ், நாட்டார் கலை ஆகியவற்றுக்கான சில நல்கைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தீர்கள். திரைப்படத்துக்கு அது இல்லை. அந்தத் தடை ஒதுக்கீட்டு மசோதாக்களில் ஆண்டுதோறும் தொடர்ந்தது. ஒரு படம் பதிவேட்டில் இடம்பெறக் குறைந்தது பத்தாண்டு பழையதாக இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அப்படியானால் நாளை நீங்கள் பாதுகாக்க விரும்பும் படங்களுக்கு இன்றே பணம் வேண்டும்.

எனவே அடுத்த மசோதாவில் அந்த விலக்குப் பட்டியலில் திரைப்பட இயக்குநர்களையும் சேர்க்குமாறும், முதல் படத்துக்கு மட்டுமன்றி இரண்டாவது, மூன்றாவது படங்களுக்கும் அவர்கள் விண்ணப்பிக்க வழி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டில் வரி செலுத்தும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்