சாறு முன்பே கொடுக்கப்பட்டதா, பின்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைச் சாறு ஒன்று எலிகளின் கல்லீரலைக் காத்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், கல்லீரல் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மருந்தியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இத்தகைய சோதனைகள் பலவற்றில், எலிகளுக்குச் சில நாள்கள் சாற்றைப் புகட்டிய பிறகே கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு வேதிப்பொருளையோ அளவு மீறிய பாராசிட்டமாலையோ கொடுத்துக் கல்லீரலைச் சிதைக்கிறார்கள். பின்னர், கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகளை அளந்து, கல்லீரலைச் சன்னமாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நஞ்சு மட்டும் பெற்ற எலியின் சீவலில், மைய நாளத்தைச் சுற்றியுள்ள செல்கள் உப்பி, கொழுப்புக் குமிழ்கள் நிறைந்து, உட்கரு மங்கி வெளிறிக் கிடக்கும். சாறு பலித்த எலியிலோ அவை வரிசை குலையாமல் இருக்கும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது மருந்தையே கண்டுவிட்டதாக நானும் பூரித்திருக்கிறேன்.

ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே கல்லீரலைக் கெடுப்பதில்லை. கல்லீரலிலுள்ள சைட்டோகுரோம் நொதி அதை உடைக்கும்போது பிறக்கும் வீரியமிக்க துணுக்குதான் செல் சவ்வுகளைத் தாக்குகிறது. சாற்றிலுள்ள ஏதோவொரு பொருள் அந்த நொதியை முடக்கியிருந்தால், நஞ்சு முழுமையாக உருவாகவில்லை என்பதே அந்த அழகான சீவலின் பொருளாக இருக்கலாம். வைரசாலோ மதுவாலோ ஏற்கெனவே பழுதுபட்ட கல்லீரலை அச்சாறு தேற்றும் என்பதற்கு அது சான்றாகாது.

மனிதரிடம் சோதிக்கும்போதும் நிதானம் வேண்டும். கீழாநெல்லி பெற்ற ஹெபடைடிஸ் பி வைரஸ் தாங்கிகள் 37 பேரில் 22 பேருக்கும், போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கும் இரத்தத்தில் தொற்றைக் காட்டும் வைரஸ் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாக 1988இல் லான்செட் இதழில் வெளியான முதற்கட்ட ஆய்வு பெரும் நம்பிக்கையைத் தந்தது. பிற்கால ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. எலிச் சோதனைகளில் ஒப்பீட்டு மருந்தாக வைக்கப்படும் சிலிமரின் என்ற மூலிகைச் சாரமும், ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில் போலி மருந்தை விஞ்சவில்லை.

மூலிகை ஆய்வு தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சோதனை எலியிலா மனிதரிலா, சாறு நஞ்சுக்கு முன்பு கொடுக்கப்பட்டதா பின்பு கொடுக்கப்பட்டதா என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே தெரிவிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி