டிடிஎஸ் மீட்டர் போட்டோ அனுப்புற வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கங்க,

சாப்ட்னர் (தண்ணியோட ஹார்ட்னஸை, அதாவது கடினத்தன்மையை, குறைக்கற மெஷின்) விக்கற எங்க வாட்ஸ்அப்ல கொஞ்ச நாளா ஒரே மாதிரி மெசேஜ் வந்துட்டே இருக்கு. ஒரு டம்ளர் தண்ணி, அதுல முக்கி வச்ச டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) மீட்டர், கீழ ஒரு கேள்வி, "600 காட்டுது, சாப்ட்னர் போட்டா சரியாகிடுமா?" தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதான் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல்ல அந்த மீட்டரு. அது தண்ணியில கரண்ட் எவ்வளவு ஈசியா பாயுதுன்னு பாத்து, மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்கும்னு கணக்கு போட்டு ஒரு நம்பர் சொல்லும், அவ்வளவுதான். என்ன உப்புன்னு அதுக்குத் தெரியாது. உங்க கீசரையும் ஷவரையும் கெடுக்கறது கால்சியமும் மெக்னீசியமும், அது எவ்வளவு இருக்குங்கறதுதான் ஹார்ட்னஸ். ரெண்டு வீட்டு தண்ணியும் 600 காட்டலாம், ஒண்ணுல பெரும்பாலும் சாதா உப்பா இருந்தா வாயில வச்சா கரிக்கும் ஆனா ஹீட்டர்ல பெருசா படியாது, இன்னொண்ணு குடிக்க நல்லாவே இருக்கும், ஆனா காயில் மேல ஓடு ஓடா கட்டிடும்.

ஹார்ட்னஸுக்கு தனி டெஸ்ட் இருக்கு. தண்ணியில இண்டிகேட்டர் (கலர் மாறிக் காட்டுற மருந்து) போட்டா ஒயின் சிவப்பு கலர் வரும், அப்புறம் சொட்டு சொட்டா மருந்து விட்டு கலக்கிட்டே இருக்கணும், டக்னு நீலமா மாறுற சொட்டோட எண்ணிக்கையை வச்சு அளவு சொல்லுவோம். ஹார்ட்னஸை கால்சியம் கார்பனேட்டா (சுண்ணாம்பு படிவா) கணக்கு போட்டுதான் சொல்லுவாங்க, அப்படி லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரைக்கும் மென்மையான தண்ணி, 120 வரை சுமார், 180 வரை ஹார்டு, அதுக்கு மேல ரொம்ப ஹார்டு, பொதுவா இப்படித்தான் பிரிப்பாங்க. 200 தாண்டிட்டாலே குழாய், ஹீட்டர்னு படிவு நல்லாவே தெரிய ஆரம்பிச்சிடும்.

இதுல கவனிக்க வேண்டியது சூடு. சாதாரணமா சூடு ஏற ஏற உப்பு நல்லா கரையும், சுண்ணாம்பு படிவு மட்டும் தலைகீழ். தண்ணி சூடானதும் அதுல இருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், கரைஞ்சிருந்த கால்சியம் கெட்டியாகி எங்க சூடு அதிகமோ அங்கயே போய் ஒட்டிக்கும், அதாவது நேரா காயில் மேல. அது மேல ஒரு ஓடு கட்டிட்டா சூடு தண்ணிக்கு போகாம உள்ளயே அடைஞ்சு காயில் வெந்து வெடிக்குது. கீசர் ஆன் பண்ணினா பொடபொடன்னு சத்தம் வருதுன்னு சொல்றீங்கல்ல, அது படிவுக்கு அடியில மாட்டின தண்ணி கொதிக்கற சத்தம்தான், அது கேக்க ஆரம்பிச்சதுமே கூப்பிடுங்க, காயில் போற வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. தெர்மோஸ்டாட்டை புல்லா திருப்பி வைக்கற பழக்கமும் வேணாம், 60 டிகிரிக்கு மேல போகப் போக படிவு இன்னும் வேகமா கட்டும். சர்வீஸுக்கு வர்றப்ப சேப்டி வால்வையும் (உள்ள அழுத்தம் ஏறினா வெளிய விடறது) பாக்கச் சொல்லுங்க, அதுவும் சுண்ணாம்பு ஏறி இறுகிடும், காயிலை விட அதுதான் ஆபத்து.

வாஷிங் மெஷின் கதை வேற. துணி வெளுக்கலன்னு பவுடரை கூட கூட கொட்டுறாங்க, அது கரையாம கருப்புத் துணியில வெள்ளை வெள்ளையா நிக்குது, டவல் காஞ்சா விறைப்பா கிடக்குது. லிக்விடுக்கு மாத்திப் பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும். பாத்ரூம் டைல்ஸ்ல வழுவழுன்னு ஒரு பிசுக்கு படியுதே, அது சோப்பும் கால்சியமும் சேர்ந்து தண்ணியில கரையாம நிக்கறது, நுரை வராம சோப்பு சீக்கிரம் தீர்றதும் அதே காரணம்தான்.

இப்ப சாப்ட்னர். உள்ள சின்னச் சின்ன மணியா இருக்கற ரெசின் கால்சியத்தை புடிச்சு வச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்தை விடும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஹார்ட்னஸ் எடுத்தா கிட்டத்தட்ட 40 மில்லிகிராம் கால்சியம் போய் 46 மில்லிகிராம் சோடியம் வரும். கணக்கு புரியுதா, டிடிஎஸ் இறங்காது, கொஞ்சம் ஏறக்கூட செய்யும்! "மெஷின் போட்டும் மீட்டர் அதே 600 காட்டுது, ஏமாத்திட்டீங்க"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு இதான் பதில். டிடிஎஸ் இறக்கணும்னா ஆர்ஓதான், அதை வீடு முழுக்க போடறது தண்ணியையும் காசையும் சாக்கடையில விடறது.

குடிக்கற குழாயை சாப்ட்னர் லைன்ல சேர்க்காதீங்க, முக்கியமா உப்பு குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவங்க வீட்ல. செடிக்கும் அந்தத் தண்ணி வேணாம். ஹார்ட் வாட்டர் குடிச்சா உடம்புக்கு கெடுதின்னு பயந்து வாங்க வர்றவங்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் ஹார்ட்னஸுக்குன்னு உடல்நலத்தை வச்சு எந்த வரம்பும் போடல, கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு தேவையானதுதான். அந்த பயத்துக்காக எங்ககிட்ட மெஷின் வாங்காதீங்க.

ஹார்ட்னஸுக்குன்னு பைப்ல மாட்டுற காந்தம் ஏன் விக்கலன்னும் கேக்கறீங்க. அதை மாட்டினாலும் தண்ணியில கால்சியம் அதே அளவுதான் இருக்கும், டெஸ்ட்ல அதே சொட்டுதான் வரும். எங்களால கேரண்டி குடுக்க முடியாததை விக்க மனசு வரல.

ஹார்ட்னஸ் 150, 160ன்னு இருக்கற வீட்டுக்கு எங்க யோசனை, மெஷினே வேணாம். கீசரை வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் பண்ணினா போதும், ஷவர் ஹெட்டையும் குழாய் மூக்குல இருக்கற சின்ன வலையையும் கழட்டி சிட்ரிக் ஆசிட் பவுடர் கலந்த வெந்நீர்ல ஊறப் போடுங்க, வினிகரும் ஓகே. மார்பிள் மேல மட்டும் படக்கூடாது, பாலிஷ் போயிடும். ஸ்ட்ராங் ஆசிட் ஊத்தினா குழாயோட குரோம் உரிஞ்சிடும். எந்த ஆசிடையும் பிளீச்சோட சேர்த்துடாதீங்க, குளோரின் கேஸ் வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

200, 300ன்னு போனா அப்ப பேசலாம், அதுவும் வெந்நீர் லைனுக்கு மட்டும் போதுமா, வீடு முழுக்க வேணுமான்னு குழாய் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுதான் சொல்லுவோம்.

அதனால இனிமே மீட்டர் போட்டோ வேணாங்க, ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வாங்க, டெஸ்டுக்கு காசு கிடையாது, பக்கத்துல நின்னு நீங்களே சொட்டு எண்ணலாம். பச்சைத் தண்ணி குழாய்ல, ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, அதே தண்ணியில பாட்டிலை நல்லா அலசிட்டு புடிங்க. கீசர் தண்ணி வேணாம், அதுல பாதி கால்சியம் உள்ளயே படிஞ்சிருந்தா நம்பர் கம்மியா காட்டும்.