அக்கா, நீ பாதியில் எழுந்துபோன பேய்ப்படம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு அல்சூர் வீட்டு ஹாலில் 'தி பாபடூக்' ஓடிக்கொண்டிருந்தது. கிழித்துப் போட்ட கதைப்புத்தகம் ஒட்டுப்போட்டு மறுபடி வாசலில் வந்து கிடக்கும் காட்சி. "சாவு விழுந்த வீட்டில் இதையா போடுவார்கள்?" என்று எழுந்து போய்விட்டாய். நேரில் சொல்ல வந்தால் "சாப்பிட்டாயா" என்று பேச்சை மாற்றுவாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் நானும் பின்வாங்க முடியாது.

நம்மூர்ப் பேய்ப்படம் என்று நினைத்துத்தான் நீ உட்கார்ந்தாய். இடைவேளைக்கு அப்புறம் பிளாஷ்பேக், கடைசியில் அம்மன் கோயில் மணி. (அதுவும் எனக்குப் பிடிக்கும், சரி.) இது ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் கென்ட் எழுதி இயக்கி 2014இல் வந்த படம். செலவு சுமார் 20 லட்சம் டாலர்தான். செட் போடப் பணம் போதாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள். சுவர், சோபா, துணிமணி எல்லாம் சாம்பலும் நீலமும் கறுப்பும். ஆணியில் ஒரு கோட்டும் தொப்பியும் தொங்கினாலே வயிற்றைப் பிசைகிறது.

பிரசவத்துக்காக அமீலியாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது கார் விபத்தில் கணவன் இறந்துவிடுகிறான். மகனின் பிறந்தநாளும் அதே நாள். கணவனின் சாமான்களைக் கீழறையில் போட்டுப் பூட்டியிருக்கிறாள். பையன் மேல் உள்ளூர ஓர் ஆத்திரம்; அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவனைத் திட்டித் தீர்க்கும் காட்சிகளில் அந்தச் சின்னப் பையனை எதிரே நிறுத்தவில்லையாம். பெரிய ஆள் ஒருவர் முட்டிபோட்டு நிற்க, அவரைப் பார்த்துத்தான் அமீலியாவாக நடித்த எஸ்ஸி டேவிஸ் கத்தியிருக்கிறார்.

நீ பார்க்காத முடிவைச் சொல்கிறேன். பேயை யாரும் ஓட்டவில்லை. அது கீழறையிலேயே இருக்கிறது. தோட்டத்து மண்புழுக்களை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போகிறாள். அது பாய்ந்து வருகிறது. அழுகிற குழந்தையை ஆற்றுவதுபோல் மெல்லப் பேசி அடக்குகிறாள். கிண்ணம் இருட்டுக்குள் இழுபடுகிறது. மேலே வந்து, பையனின் பிறந்தநாளை முதல்முறையாக அதே நாளில் கொண்டாடுகிறாள்.

அம்மாவின் மாத்திரை டப்பாவை வீடு முழுக்கத் தேடினாயே, ஏழு நாளுக்கு ஏழு மூடி போட்ட நீல டப்பா. அது என் மாரத்தஹள்ளி ரூமில், லேப்டாப் பையின் உள்ஜிப்பில் இருக்கிறது. நீ கோலார் தங்கவயல் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த செவ்வாய்க்கிழமை, "மாத்திரை கொடுத்துட்டியாடா?" என்று போனில் கேட்டாய். கொடுத்துவிட்டேன் என்றேன். மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிகாலையில் அம்மா போய்விட்டாள். செவ்வாய் மூடியைத் திறந்தால் இரண்டு வெள்ளை மாத்திரையும் பாதி மஞ்சள் மாத்திரையும் இன்னும் இருக்கும்.

ஒரு வேளை தவறியதால் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு டாக்டர் சொன்னார். நண்பனின் அம்மாவுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன்.

காரியம் முடிந்த நாளிலிருந்து அம்மா அறையைப் பூட்டியே வைத்திருக்கிறாய். "நான் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்" என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை வருகிறேன். டப்பாவையும் எடுத்து வருகிறேன். அறைச் சாவியைத் தேடி வை.

தம்பி