பாலக்காட்டுக் கட்சித் தலைவர்களே, அரசு வக்கீல் விஷயமாக

எல்லாக் கட்சி மாவட்டத் தலைவர்களுக்கும் வணக்கம். கட்சியைப் பிரித்து எழுதவில்லை, இந்த விஷயத்தில் உங்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழன், சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமஸ்தா. அதனால் இந்த ரூட் எனக்கு மனப்பாடம்: அப்பா கட்சியில் பெரிய ஆள், பையனுக்குக் காலேஜில் மாணவர் சங்கம், அப்புறம் சட்டப் படிப்பு, கொஞ்ச நாள் ஒரு சீனியரிடம் கட்டுத் தூக்குவது, ஆட்சி மாறியதும் அரசு வக்கீல், அடுத்த தேர்தலில் சீட்டு. வக்கீல் அரசியலுக்கு வரக்கூடாது என்று சொல்ல நான் யார்? கேரள வக்கீல் ஹாரிஸ் பீரான் 2024-ல் மாநிலங்களவைக்குப் போனார், அவருடைய அப்பா வி.கே. பீரான் கேரளத்தின் கூடுதல் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். ஆனால் மகன் சுப்ரீம் கோர்ட்டில் வருஷக்கணக்கில் வழக்காடியவர். அப்படிப் போகட்டும், சந்தோஷம்.

என் சண்டையெல்லாம் நடுவில் கிடக்கிற அந்த அரசு வக்கீல் நாற்காலிக்காகத்தான். வில்லேஜ் ஆபீஸிலிருந்து விவரம் வாங்கி, பதில் மனு போட்டு, சாட்சியை விசாரிக்க வேண்டிய ஆளின் மனசு கட்சி மீட்டிங்கில் இருந்தால் வாய்தாதான். வேலந்தாவளத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்த ஒரு பாட்டி, நிலத் தகராறு, மஞ்சப்பைக்குள் நாலாக மடித்த மலையாள நோட்டீஸ். அரசு வக்கீல் வரவில்லை, டைம் வேண்டும் என்று ஒரு ஜூனியர் எழுந்து சொன்னார், அரை நிமிஷத்தில் கேஸ் தள்ளிப்போனது. "என்ன கண்ணு சொன்னாங்க?" என்றாள் என்னிடம். அடுத்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

நம்ம தாலுகாவில் கோர்ட் கேஸ் என்றால் லேசுப்பட்டதா? பெருமாட்டி பஞ்சாயத்து 2003-ல் பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்து, அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் முடிய 2017 ஆனது. அந்த ஆலையால் பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டுக்காகச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் வரவேயில்லை.

1990-ல் உத்தரப்பிரதேச அரசு எல்லா மாவட்ட அரசு வக்கீல்களையும் ஒரே சர்க்குலரில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தபோது, செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். 2016-ல் பஞ்சாப் வழக்கில், அரசு வக்கீல் நியமனம் நியாயமான முறையில் நடக்க வேண்டும் என்றது. மாவட்டப் பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு, அதாவது குற்ற வழக்கு நடத்தும் அரசு வக்கீலுக்கு, 7 வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும், கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பெயர் உங்கள் கட்சி ஆபீஸிலிருந்து போகிறது என்பதுதான் கோர்ட் வராந்தாவில் எல்லோரும் பேசுவது.

எனவே அடுத்த நியமனத்துக்கு முன் பட்டியலைக் கலெக்டரேட் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள், யார் எத்தனை வருஷம் வழக்காடினார், என்னென்ன கேஸ் நடத்தினார் என்ற விவரத்தோடு. தமிழிலும் ஒட்ட வேண்டும். சிறுபான்மை மொழிக்காரர்கள் தமிழில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. உங்கள் பையன் பெயர் அதில் இருந்தால் இருக்கட்டும், அவர் நடத்திய கேஸ் நம்பரையும் பக்கத்திலேயே போடுங்கள்.