கேஸ் டேங்கருக்கு மூன்று நாள் வகுப்பு, பள்ளிப் பேருந்துக்கு ஒரு சுற்று: தாளாளர்களுக்கு ஓர் ஓட்டுநரின் திறந்த மடல்

தனியார் பள்ளித் தாளாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் நாமக்கல் மாவட்டத்துக்காரன். முட்டை, லாரி, பள்ளிக்கூடம் என்று மூன்று தொழில்களால் பெயர் வாங்கிய மாவட்டம் எங்களுடையது. முட்டையைத் தவிர மற்ற இரண்டிலும் வேலை பார்த்துவிட்டேன். பதினான்கு ஆண்டுகள் கேஸ் டேங்கர் ஓட்டினேன். மங்களூரிலும் கொச்சியிலும் ஏற்றி, சிலிண்டர் நிரப்பும் ஆலைகளில் இறக்குவது வேலை. முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்ததும், இனி ராத்திரி ஓட்டம் வேண்டாம் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து. சென்ற ஆண்டு சாவியை ஒப்படைத்துவிட்டேன். இனி யார் கையிலும் சம்பளம் வாங்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதும் தைரியம் வந்திருக்கிறது.

டேங்கர் ஓட்ட ஹெவி லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆவது விதி என்று ஒன்று உண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றும் ஓட்டுநர் மூன்று நாள் தனி வகுப்பு முடித்து, அதை லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். பதிவின் காலம் முடிந்தால் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார வேண்டும். வால்வு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும் என்பதை அந்த வகுப்பில்தான் கற்றேன். என்ன சரக்கு, விபத்து நடந்தால் என்ன செய்வது என்று எழுதிய டிரெம் கார்டு கேபினில் இல்லையென்றால் ஆலை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பள்ளியில் சேர்ந்த நாள் இப்படி நடந்தது. மேலாளர் லைசென்ஸையும் பேட்ஜையும் பார்த்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். வந்தேன். "நாளையிலிருந்து ஏழாம் நம்பர் வண்டி உங்களுடையது" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் முதுகுக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி வாகனம் ஓட்டுவதற்கென்று லைசென்ஸில் தனிப் பதிவு எதுவும் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. பதினாறு ஆண்டுகளில் எனக்கு அதற்கென்று ஒரு முழுநாள் வகுப்புகூட நடக்கவில்லை. ஆண்டுதோறும் பள்ளி வண்டிகளை அதிகாரிகள் பார்வையிடும் மே மாத ஆய்வின்போது மைக்கில் சொல்லும் அரைமணி நேர அறிவுரையை வகுப்பு என்று நீங்கள் கணக்கு வைத்தால், பதினாறு அரைமணி நேரம்.

விதிகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1997 நவம்பரில் டெல்லி வசீராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனைக்குள் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: மஞ்சள் நிறம், ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி, பூட்டும் கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், 40 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஐந்தாண்டு கனரக வாகன அனுபவம் உள்ள ஓட்டுநர், கூடவே ஓர் உதவியாளர். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பேருந்துத் தரையின் ஓட்டை வழியே கீழே விழுந்து சக்கரத்தில் சிக்கினாள். அது எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, வாங்கிய பேருந்து. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கென்று பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, பின்னோக்கி வந்த வேனில் அடிபட்டு இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு முன்னும் பின்னும் கேமரா, சென்சார் என்று விதியைத் திருத்தினார்கள்.

ஒவ்வொரு விதிக்கும் அடியில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது. அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் இத்தனையும் பெரும்பாலும் வண்டிக்குப் பூட்டுகிற விதிகளாக இருப்பதைக் கவனித்தீர்களா? தரை, கம்பி, கதவு, கேமரா. ஓட்டுநர் என்று வரும்போது "ஐந்தாண்டு அனுபவம்" என்று எழுதி நிறுத்திக்கொண்டோம். ஐந்தாண்டு சிமென்ட் ஏற்றியவனுக்குச் சிமென்ட் மூட்டையைத் தெரியும். இறக்கி வைத்த மூட்டை எழுந்து வண்டிக்கு முன்னால் ஓடாது.

மே மாத ஆய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைதானம் முழுக்க மஞ்சள் வண்டிகள். அதிகாரிகள் ஏறி அவசர வழியைத் திறந்து பார்ப்பார்கள், படிக்கட்டின் உயரத்தை அளப்பார்கள், தரையைத் தட்டிப் பார்ப்பார்கள். வெயிலில் நின்று பார்க்கிற அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த இடத்தில், ஒரே தீயணைப்பான் மூன்று வண்டிகளில் ஏறி இறங்கியதை இந்தக் கண்ணால் கண்டேன். முதல் வண்டி ஆய்வு முடிந்து வெளியே வரும்; பையன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்கு ஓடுவான். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சேர்ந்த இரண்டாம் ஆண்டு நடந்தது இது. மாலை ஓட்டம், ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடி நிறுத்தம். ஐந்து பேர் இறங்கினார்கள். வழக்கமாக வண்டிக்கு முன்னால் கடந்து எதிர்ப்பக்கம் போவார்கள். நான்கு பேர் எதிர்ப்பக்கத் திண்ணையில் ஏறிவிட்டார்கள். கியரைப் போட்டுவிட்டேன், ஹேண்ட் பிரேக்கில் கை இருக்கிறது. நான்கு என்பது மனதில் ஏதோ உறுத்தியது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். எல்.கே.ஜி. படிக்கும் பெண் குழந்தை முன் பம்பருக்கு நேர் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழன்றுவிட்ட ஷூ வாரை மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் பத்திரமாக நிறுத்தி வைத்திருந்தது. என்னைப் பார்த்து, "மாமா, இது மாட்டவே மாட்டேங்குது" என்றது. மாட்டிவிட்டேன். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்த பிறகு கால் நடுங்கியது. ஐந்து நிமிடம் வண்டியை எடுக்க முடியவில்லை.

அன்றைக்கு உதவியாளரான ஆயா வண்டியில் இல்லை. பள்ளியில் விருந்தினர் வருகை என்று சமையல் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தட்டை முகப்பு வண்டியில், உயரமான சீட்டில் உட்கார்ந்தவனுக்கு முன்னால் குனிந்திருக்கும் குழந்தை தெரியாது. இடப்பக்க முன்சக்கரத்தை ஒட்டி நிற்பதும் தெரியாது. கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைத்தால் கொஞ்சம் தெரியும். எப்படித் திருப்புவது என்பதே சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம். அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது வாய்விட்டு எண்ணுவேன், கடந்த பிறகு அதே எண்ணிக்கை கண்ணில் படும்வரை ஹேண்ட் பிரேக்கை விட மாட்டேன். கேலி செய்த இளவட்டங்கள் உண்டு. இந்தச் சின்ன வழக்கத்தை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு குழந்தையைப் பணயம் வைத்து நான் கற்றிருக்கக் கூடாது.

ஆயாவை நீங்கள் செலவுக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். 2009 டிசம்பரில் வேதாரண்யம் பக்கம் பள்ளி வேன் ஒன்று குளத்துக்குள் இறங்கியது. உள்ளே இருந்த இளம் ஆசிரியை சுகந்தி பிள்ளைகள் பலரைக் கரையேற்றிவிட்டுத் தான் மூழ்கிப் போனார். வண்டியில் இன்னொரு பெரியவர் இருப்பது எதற்கு என்று கேட்கும் கணக்காளரிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் காலை ஓட்டம் முடிந்ததும் ஆயாக்கள் வகுப்பறை பெருக்கப் போவார்கள். ஓட்டுநர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவோம், பெஞ்சுக்குப் பெயின்ட் அடிப்போம். மூன்று மணிக்கு உடம்பு முழுக்கப் பெயின்ட் வாடையோடு மறுபடி ஸ்டியரிங். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஓட்டுநர் ஒரு மணி நேரம் கண் அயர்வது சோம்பேறித்தனம் என்று நினைக்கிற நிர்வாகம், தன் பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றிப் பார்க்கட்டும். பெரும்பாலும் அந்தப் பிள்ளை காரில் வரும்.

ரயில்வே கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அது ஆள் இருக்கும் கேட். பொறுப்பு யாருடையது என்பது விசாரிப்பவர்கள் பாடு. எனக்குத் தெரிந்தது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு. ஆள் இல்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கித் தண்டவாளம்வரை நடந்துபோய், இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை அழைத்துப் போக வேண்டும் என்கிறது அது. கேட் திறந்திருந்தாலும், ஆள் இருந்தாலும், பள்ளி வண்டி இதையே செய்யட்டும் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை போட எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குத் தாமதம் என்று சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிடித்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எனக்கு இரட்டை ஓட்டம். முதல் ஓட்டம் 7.50-க்கு முடிந்து, இரண்டாவது 8.45-க்குள் வாசலில் நிற்க வேண்டும். இடையில் பதினெட்டு நிறுத்தங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வண்டியில் பூட்டிவிட்டு, ஓட்ட அட்டவணையை அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் ஓட்டுநர் எங்கே நேரத்தைப் பிடிப்பான்? நிறுத்தத்தில்தான் பிடிப்பான். பிள்ளை படியில் கால் வைத்ததும் வண்டி நகரும். மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் பலர் ராத்திரியில் டெம்போ ஓட்டுவார்கள், ஜூனிலும் அந்தப் பழக்கம் விடாது. தூங்காத கண்ணோடு வந்தவனை எந்தக் கேமராவும் காட்டிக் கொடுக்காது.

2024 ஜூலையில் வெள்ளக்கோவிலில் பள்ளி வேன் ஓட்டிய சேமலையப்பனை மறந்திருக்க மாட்டீர்கள். நெஞ்சு வலி வந்ததும் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். முதலமைச்சரே பாராட்டினார். நீங்களும் பாராட்டினீர்கள். அந்த வாரம் எங்கள் ஓய்வறையில் ஆறு பேர் உட்கார்ந்து எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்: இங்கே யாருக்காவது பள்ளிச் செலவில் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்களா? கண் பரிசோதனை நடந்திருந்தது. நெஞ்சை யாரும் பார்த்திருக்கவில்லை.

வாடகை வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் தொங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகும். உங்கள் பேருந்துக் கட்டணம் ஏறும் ஒவ்வொரு முறையும் சில பிள்ளைகள் அங்கே இடம் மாறுகிறார்கள் என்பதை மட்டும் கட்டணம் நிர்ணயிக்கும் கூட்டத்தில் யாராவது சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். பள்ளி திறப்பதற்கு முன், டேங்கர்காரனுக்குக் கொடுக்கிற அதே மூன்று நாட்களை உங்கள் ஓட்டுநர்களுக்கும் ஆயாக்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள், சம்பளத்தோடு. உங்கள் வளாகத்திலேயே, அவர்கள் ஓட்டப் போகும் வண்டியிலேயே நடக்கட்டும். தியரி அரைநாள் போதும். மீதி நேரம் கண்ணாடி திருப்புவது, எண்ணி இறக்குவது, பின்னால் எடுக்கும்போது ஆயா எங்கே நிற்க வேண்டும் என்பது, தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி நிஜமாகவே ஒரு நெருப்பை அணைப்பது, அவசர வழியாக எல்.கே.ஜி. பிள்ளைகளைக் கீழே வாங்குவது. கடைசி நாள், தடத்தை வண்டியில்லாமல் மொபெட்டில் ஒருமுறை போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளை எந்தப் பக்கம் கடக்கும் என்று பார்த்துவிட்டு வரட்டும். சட்டம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீச்சல் குளத்தைச் சட்டம் கேட்டா கட்டினீர்கள்?

அந்த மூன்று நாட்களில் முதல் நாளை நடத்தித்தர நான் வருகிறேன். கூலி வேண்டாம், மதியச் சாப்பாடு போதும். ஒரு பேருந்தும் பத்துப் புத்தகப் பைகளும் தயாராக இருக்கட்டும். பைகளை வண்டியைச் சுற்றி நானே வைக்கிறேன். ஓட்டுநர் சீட்டில் முதலில் நீங்கள் ஏறி உட்கார்ந்து, எத்தனை தெரிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
நாமக்கல் மாவட்டம்.