படத்தோடு மாதத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் அமெரிக்க வெள்ளைவால் மான் ஒன்றின் படம் வந்திருந்தது. கொம்பு முழுக்க முண்டும் முடிச்சுமாக, கள்ளிச்செடி போல. அடியில் ஒரே வரி: "மரபணுக் கோளாறால் கொம்பில் புற்று பரவிய மான்." அந்த வரி என்னை மிகவும் வருத்தியது. அப்படிப்பட்ட கொம்பைப் பார்த்ததும் மான் அறிந்தவர்கள் முதலில் சந்தேகிப்பது அதன் விரையைத்தான்.

மான்கொம்பு வெறும் எலும்பு என்பதும், மாட்டுக்கொம்பு போல ஆயுளுக்கும் நிற்காமல் ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. நெற்றி எலும்பில் இரண்டு காம்புகள் உண்டு. அவற்றின் மேல் கொம்பு வளரும் காலத்தில் மயிரடர்ந்த தோல் மூடியிருக்கும்; வெல்வெட் என்பார்கள். உள்ளே ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் தொட்டால் சூடாக இருக்கும். வட அமெரிக்காவின் பெரிய மான் இனமான எல்க் மானுக்கு ஒரே நாளில் 2.5 சென்டிமீட்டர் வரைகூட வளரும். பகல் பொழுது குறையத் தொடங்கியதும் விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும். கொம்பு இறுகும், ரத்த ஓட்டம் நிற்கும், தோல் காய்ந்து நார்நாராகத் தொங்கும். மான் அதைச் செடியிலும் மரத்திலும் உரசிக் கழிக்கும். இணைசேரும் பருவம் போய் அந்தச் சுரப்பு இறங்கினால், காம்பும் கொம்பும் சேரும் இடத்தில் எலும்பு அரித்துக் கொம்பு விழும்.

விரை பழுதானால் இந்தச் சக்கரம் நின்றுவிடும். கொம்பு இறுகவும் இறுகாது, விழவும் விழாது. வெல்வெட் போர்த்தியபடியே ஆண்டுக்கணக்கில் புடைத்துக்கொண்டே போகும். வேலி தாண்டும்போது பட்ட காயம், கீழிறங்காத விரை, கடிக்கும் சிறு பூச்சிகள் பரப்பும் ரத்தக்கசிவு நோய் ஆகியவை வழக்கமான காரணங்கள். எந்த வயதில், எந்தப் பருவத்தில் பழுதானது என்பதும் முக்கியம். குட்டியிலேயே என்றால் கொம்பே முளைக்காது. இறுகிய கொம்போடு இருக்கையில் என்றால் சில வாரங்களில் அது விழுந்துவிடும்; அடுத்து முளைப்பதுதான் விழாமல் நிற்கும். கடுங்குளிர் நாட்டில் அதன் நுனிகள் உறைந்து ஒடியும்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். போன ஆண்டு கிண்டிப் புள்ளிமான் ஒன்றை "நோயால் கொம்பிழந்த மான்" என்று போட்டீர்கள். நம் புள்ளிமான்களுக்குக் குளிர்நாட்டு மான்கள் போல மந்தைக்கே ஒரே பருவம் கிடையாது. ஒரே நாளில், ஒரே மந்தையில் இறுகிய கொம்பும் வெல்வெட்டும் வெறுங்காம்பும் பார்க்கலாம். அது கொம்பு உதிர்த்த ஆரோக்கியமான ஆண். கிறிஸ்துமஸ் மலரில் பனிமானை (ரெயின்டீர்) "கலைமான்" என்று எழுதியதும் நெஞ்சில் நிற்கிறது. கலை என்பது ஆணுக்கு நம் முன்னோர் வைத்த பெயர், பெண் பிணை. பனிமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. டிசம்பர் கடைசியில் முதிர்ந்த ஆண்கள் பெரும்பாலும் கொம்பு உதிர்த்திருக்கும். ஆகவே அப்போது கொம்போடு நிற்பது பிணையாகவும் இருக்கலாம்.

கோணல் கொம்புக்கெல்லாம் மரபணுவைக் காரணம் சொல்லக் கூடாது. அடிபட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். வளரும் கொம்பில் பட்ட அடி பெரும்பாலும் அந்த ஆண்டோடு போய்விடும். காம்பில் பட்டால் கோணல் ஆண்டுதோறும் திரும்பும். காம்பின் எலும்புச் சவ்வு சிதறினால் மூன்றாவது கொம்புகூட முளைக்கும். அந்தச் சவ்வை எடுத்து முன்காலில் ஒட்டினாலும் அங்கே கொம்பு வரும் என்று 1970-களிலேயே செய்து காட்டிவிட்டார்கள். பின்காலில் பலத்த காயம் என்றால் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்பு குறுகிக் கோணும். ஆகவே காலையும் காட்டாத படத்தை வைத்துக் காரணம் எழுத முடியாது.

மண்ணும் காரணமாகலாம். கலிபோர்னியாவின் கடலோரப் பகுதியான பாயின்ட் ரேயஸில் 1978-இல் டூலி எல்க் என்ற எல்க் வகை மான்களை மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். மறு ஆண்டே கொம்புகள் உருக்குலைந்தன, உடல் மெலிந்தது. ஆராய்ந்ததில் செம்புச் சத்துக் குறைவு என்று தெரிந்தது. எலும்பின் நார்ப்புரதத்தைப் பிணைத்துக் கட்டச் செம்பு வேண்டும். மேய்ந்த புல்லில் அது போதவில்லை. ஒரு மானுக்கு மட்டும் கோணினால் காயம், கூட்டத்துக்கே கோணினால் தீவனம் என்றுதான் களத்தில் முதலில் யோசிப்பார்கள்.

இத்தனை கோபத்துக்கும் நான் கேட்பது சிறியதே. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி மான் படம் எதுவானாலும் எடுத்த ஊரையும் மாதத்தையும் அடியில் அச்சிடுங்கள். வெல்வெட் மூடிய வெள்ளைவால் மான் வட அமெரிக்காவில் ஜூலையில் எடுத்த படமென்றால் இயல்பானது, டிசம்பர் என்றால் நோயாளி. தேதி கிடைக்காவிட்டால் மாதமாவது போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நீலகிரி மாவட்டம்.